குளத்தைக் குடிச்ச உடும்பு

டேய், உட்காருங்கடா. பெரியவங்களும்தான், வெத்தலையைத் துப்பிட்டு வாயை மூடுங்க. நான் ஒருத்தன் பேசினாலே பத்துப் பேர் சத்தம் வரும்.

காட்டுக்குள்ள ஒரு குளம். தவளை, வாத்து, பெருச்சாளின்னு அந்தக் குளத்துக்காரங்களுக்கும் உடும்புக் கூட்டத்துக்கும் மூணு வருஷம் சண்டை. ஒருவழியா சமாதானம் ஆச்சு. உடும்பெல்லாம் மலைக்குப் போயிடுச்சு. கால் ஒடிஞ்ச உடும்பு ஒண்ணு மட்டும், ஓரமா இருந்துக்கிறேன்னு கரையிலயே தங்கிடுச்சு. யார்கிட்டயும் பேச்சே கிடையாது.

கொஞ்ச நாள்ல குளத்துத் தண்ணி இறங்க ஆரம்பிச்சுது. இன்னைக்கு ஒரு சாண், நாளைக்கு ஒரு சாண்.

தவளை கன்னத்தை இப்படி உப்ப வச்சுக்கிட்டுச் சொல்லுச்சு, "க்ர்ர்ர்... உடும்புதான் குடிக்குது."

"நீ பார்த்தியா?"ன்னு கேட்டுச்சு வாத்து.

"குடிக்கிறதைப் பார்க்கலை. நிமிஷத்துக்கு ஒருதரம் நாக்கை நீட்டுதே, அதைப் பார்த்தேன். தாகம் இல்லாதவன் நாக்கை நீட்டுவானா?"

வாத்துக்கு இது ரொம்ப சரியாப் பட்டுச்சு. வாத்தாச்சே.

பெருச்சாளிதான் சண்டைக் காலத்துத் தளபதி. சண்டை முடிஞ்சும் மீசையை முறுக்குறதை விடலை. எல்லாரும் ஒளிஞ்சிருந்து உடும்பைக் கண்காணிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. கரை முழுக்கச் சண்டைக்கு வெட்டின பதுங்கு குழி இருந்துச்சு. அது பத்தாதுன்னு இன்னும் ஏழு வெட்டினாங்க. ஆளுக்கொரு குழியில உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டாம உடும்பையே பார்த்தாங்க.

தண்ணி இன்னும் வேகமா இறங்குச்சு. மீனெல்லாம் சேத்துல கிடந்து வாயைப் பிளக்குது.

"கட்டி இழுங்க அவனை. கரைக்கு அந்தப் பக்கம் பாறையில போட்டுக் காய வைங்க"ன்னுச்சு பெருச்சாளி.

கொடியால கட்டி, தரதரன்னு இழுத்துக்கிட்டுக் கரை தாண்டினாங்க. தாண்டினவங்க அப்படியே நின்னுட்டாங்க. ஒவ்வொரு பதுங்கு குழி வழியாவும் கரையைத் துளைச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் தண்ணி பீச்சி அடிக்குது. குளம் பூராவும் காட்டுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு.

தவளை கன்னம் புஸ்ஸுன்னு இறங்கிடுச்சு. வாத்து ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்துச்சு. எல்லாரும் சேத்தை அள்ளி அள்ளிக் குழியை மூடினாங்க. கால் ஒடிஞ்ச உடும்பும் வாலால அடிச்சு அடிச்சு மெழுகுச்சு.

சண்டை முடிஞ்சா சந்தேகத்தையும் சேர்த்து மூடிடணும், இல்லேன்னா சண்டையில தப்பி மிஞ்சினதுகூட வடிஞ்சு போயிடும். இதுதான் நீதி.

பெருச்சாளிக்கு மட்டும் அது ஏறலை. தன் குழியை மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. "இதை மூட விடமாட்டேன். நாளைக்கு எவனாவது இந்தக் குளத்துக்குச் சண்டைக்கு வந்தா நான் எங்க ஒளியறது?"

உடும்பு மெதுவாக் கேட்டுச்சு:

"தண்ணி இல்லாத குளத்துக்கு எவன்ணே சண்டைக்கு வருவான்?"