கல் வைத்த கம்பளி

நாச்சிமுத்து ஐயா செங்கோடனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தோளில் ஈரக் கம்பளி. அதிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் முதுகில் வழிந்தது. குடிசை வாசலில் நின்று கும்பிட்டான். எதையோ புரிந்துகொண்டவனின் சிரிப்பு அது.

பிறகு திரும்பி மலையேறிப் போனான்.

கூதல்மலையின் பாதி உயரத்தில் இருந்தது அந்தக் குடிசை. ஐயாவும் சீடர்கள் சிலரும் அங்கே இருந்தார்கள். அதற்கு மேலே மரம் கிடையாது. புல், பாறை, காற்று. இன்னும் ஏறினால் ஒரு சுனை. சுனையைத் தாண்டி, உச்சியில் ஒரு நட்ட கல். அந்தக் கல்லுக்குத்தான் விளக்கு வைப்பார்கள். பெரிய கஷ்டம் உள்ளவர்கள் சுனையில் முழுகி, ஈரத்துணியோடு உச்சிக்குப் போய் விளக்கேற்றுவதாக நேர்ந்துகொள்வார்கள். உடுத்தியது ஈரமாக இருக்க வேண்டும். நேர்த்தி கேட்பது அவ்வளவுதான்.

செங்கோடன் அடிவாரத்தில் செக்கு ஓட்டுகிறவன். குடும்பஸ்தன். மாதம் ஒரு தடவை எண்ணெய்த் தூக்கோடு ஏறி வந்து, ஐயாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் ஐயா முன்னால் அவன் தோளில் துண்டு இருக்காது.

ஐயா அதிகம் பேசமாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு காரியம் செய்வார். அல்லது கையில் எதையாவது கொடுப்பார். பொருளைக் கேட்டவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாதவர்களுக்குத் திருமூர்த்தி சொல்வான். அவனும் சீடன்தான். ஐயா செய்வதற்கெல்லாம் பொருள் சொல்வதை அவனே தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தான்.

ஒருமுறை செங்கோடன், "மனசுல பாரம் தாங்கலீங்க ஐயா" என்றான். ஐயா மூலையில் கிடந்த குழவிக்கல்லை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அதைச் சுமந்துகொண்டே சுனைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். சாயங்காலம் கை நடுங்கியது.

"இதை எப்ப வரைக்குமுங்க ஐயா?"

"எறக்கி வெக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். செங்கோடன்தான் அதிகமாகச் சிரித்தான். ஊருக்குப் போய் செக்கடியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொன்னான்.

ஐப்பசியில் ஒரு காலை அவன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். அவன் மனைவி பாவாத்தாளுக்குக் காய்ச்சல். நாளாகியும் விடவில்லை. பிதற்றுகிறாள்.

"ஈரத்துணியோட ஏறி வெளக்கு வெக்கறதா நேந்துட்டனுங்க. போகட்டுங்களா?"

ஐயா வெளியே வந்து மேற்கே பார்த்தார். மலைக்குப் பின்னால் வானம் சாம்பலாக இருந்தது. தான் போர்த்தியிருந்த கருப்புக் கம்பளியை எடுத்தார். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். தூக்கிப் பிழிந்தார். அவன் தோளில் போட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை.

திருமூர்த்தி மூக்கைப் பிடித்துக்கொண்டான். "செங்கோடா, நீ ஏறவே வேண்டாம். இந்த ஆட்டு நாத்தத்துக்குச் சாமியே எறங்கி வந்துரும்."

செங்கோடன் கம்பளியைப் பார்த்தான். ஐயாவைப் பார்த்தான். அப்போதுதான் சிரித்தான்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. காற்று குடிசையின் கூரையைப் பிய்த்தது. அன்று செங்கோடன் இறங்கி வரவில்லை.

விடிந்ததும் திருமூர்த்தியும் இரண்டு ஆட்டுக்காரர்களும் மேலே போனார்கள். சுனைக்கரையில் கம்பளி இருந்தது. நான்காக மடித்து, பாறைமேல் வைத்து, காற்றில் போகாதபடி அதன்மேல் ஒரு கல் வைத்திருந்தான். உச்சிக்குச் சற்றுக் கீழே அவன் இருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு பாறையில் சாய்ந்திருந்தான். வேட்டி தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. எண்ணெய்த் தூக்கு நிறைந்திருந்தது. தீப்பெட்டி கூழாகியிருந்தது.

கீழே கொண்டுவர வேறு துணி இல்லை. அந்தக் கம்பளியிலேயே அவனைக் கிடத்தி, கம்பில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள்.

ஐயா தூளியைப் பார்த்தார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

காரியங்கள் முடிந்த பிறகு பாவாத்தாள் மலையேறி வந்தாள். இளைத்திருந்தாள். அழவில்லை.

"அந்தக் கம்பளி எங்கீங்க?"

திருமூர்த்தி கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதை மடியில் போட்டு முகர்ந்து பார்த்தாள்.

"இதைக் கட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்திருந்தா, நாத்தமடிக்குது தள்ளி நில்லுன்னு திட்டியிருப்பேன்" என்றாள். "எனக்கு அன்னைக்கே காச்சல் விட்டுருச்சுங்க. டவுன் டாக்டர் ஊசி போட்டது கேட்டுருச்சு. இவர் மலையேறையில நான் எந்திரிச்சு ரசஞ்சோறு தின்னுட்டு இருந்தேன். சொல்லியனுப்ப ஒரு ஆள் கெடைக்கலை."

அவள் கம்பளியிலிருந்து தலையைத் தூக்கி ஐயாவைப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, இதை அவருக்கு எதுக்குங்க கொடுத்தீங்க?"

ஐயா வாயைத் திறந்தார். திருமூர்த்தி முந்திக்கொண்டான்.

"அது பரீட்சைங்கம்மா."

"பரீட்சையா?"

"ஆமாங்க. ஒடம்புக்குச் சொகமா இருக்கறதை ஐயா கையில கொடுத்துப் பாத்தார். அவர் அதைச் சுனையிலயே எறக்கி வெச்சுட்டார். மேல கல்லையும் வெச்சார். இனி திரும்பி எடுக்கமாட்டேன்னு அர்த்தம். எங்களால முடியாததுங்க அது. செங்கோடன் தேறிட்டாரும்மா."

சீடர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் கைகூப்பினார்.

பாவாத்தாளின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது.

"தேறிட்டாருங்களா?"

"தேறிட்டார்."

அவள் ஐயாவின் பக்கம் திரும்பினாள். "அப்பிடீங்களா சாமி?"

ஐயா பேச வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவளும்.

"இல்லை தாயி" என்றார். "குளிருக்குக் கொடுத்தேன்."

"ஈரத்தோட கொடுத்தீங்களாமே?"

"நேர்த்தி ஈரத்துணிதானே. என்ன துணின்னு யாரும் சொல்லலை. பருத்தி நனைஞ்சா ஒடம்போட ஒட்டிக்கும். காத்தடிச்சா இருக்கற சூட்டையெல்லாம் உறிஞ்சிரும். கம்பளி அப்படி இல்லை. இதுல மயிர் சுருண்டு சுருண்டு இருக்கு பாரு. அந்தச் சுருளுக்குள்ள காத்து நிக்கும். தண்ணியைக் குடிச்சாலும் சவமாட்டம் ஒட்டிக் கெடக்காது. நனைஞ்ச கம்பளிக்குள்ளயும் ஆள் பொழச்சுக் கெடக்கலாம். நான் ஆட்டுக்காரன் ஊட்டுல பொறந்தவன். ஐப்பசி, கார்த்திகை பூரா பட்டியில நனைஞ்ச கம்பளியோடதான் தூங்கியிருக்கேன். தீப்பொறி விழுந்தாக்கூட லேசுல பத்தாது. கருகி நின்னுரும். வெளக்கேத்தப் போறவனுக்கு அதுவும் நல்லதுன்னு நெனச்சேன்."

அவர் இவ்வளவு பேசிச் சீடர்கள் கேட்டதில்லை.

"இதை அவர்கிட்டச் சொன்னீங்களா?" என்றாள் பாவாத்தாள்.

"இல்லை."

"ஏனுங்க?"

"தெரியும்னு நெனச்சேன்."

"செக்கு ஓட்டறவருக்கு ஆட்டு மயிரைப் பத்தி என்னங்க தெரியும்?"

ஐயா தரையைப் பார்த்தார்.

"கட்டியிருந்தா இருந்திருப்பாருங்களா?"

திருமூர்த்தி ஐயாவின் முழங்காலைத் தொட்டான். வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

"இருந்திருப்பான்" என்றார் ஐயா.

அவள் அந்தக் கம்பளியின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடுகூடப் பசிச்சா கத்துதுங்க சாமி" என்றாள். "உங்க வாய்க்கு என்னங்க வந்துச்சு?"

எழுந்துகொண்டாள். கம்பளியை அங்கேயே விட்டுவிட்டு வாசலைத் தாண்டினாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஐயா கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஒரு மூலையை உள்ளே தள்ளிக் கொங்காடையாக மடித்தார். மழைக்கு ஆட்டுக்காரர்கள் தலையோடு போட்டுக்கொள்வார்களே, அதுபோல.

"போட்டுக்க தாயி. தலையோட போடு. முதுகு மூடியிருக்கட்டும்."

அவள் வாங்கவில்லை. "இதுக்கு ஏதும் அர்த்தம் இருக்குதுங்களா?"

"இல்லை. மழை வருது."

அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

திருமூர்த்தி வாசலிலேயே நின்றிருந்தான்.

"அந்தம்மாவுக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு ஆறுதல்தான். அதையும் புடுங்கிட்டீங்களே ஐயா. நான் என்ன பொய்யா சொன்னேன்? அவன் அப்படி நெனச்சுத்தானே வெச்சுட்டுப் போனான்?"

"ஆமா."

"அப்புறம்?"

"நீ சொன்னதைக் கேட்டவன் நாளைக்கு என்ன பண்ணுவான்?"

அதற்குப் பிறகு திருமூர்த்தி அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று குடிசையில் இருந்த மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சொன்னார்கள். திருமூர்த்தி சொன்னதைச் சொன்னார்கள். ஐயா சொன்னதைச் சொல்லவில்லை. குருவுக்கு எவ்வளவு அடக்கம் என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த ஐப்பசியில் கூட்டம் அதிகமாக வந்தது. எல்லோர் தோளிலும் கம்பளி. சந்தையில் புதிதாக வாங்கியவை. சுனையில் முழுகி எழுந்தார்கள். கம்பளியை நான்காக மடித்துக் கரையில் வைத்தார்கள். மேலே ஒரு கல் வைத்தார்கள். வெறும் பருத்தி வேட்டியோடு காற்றுக்குள் ஏறினார்கள்.

ஐயா குடிசையை விட்டுச் சுனைக்கரைக்கே போய்விட்டார். கல்லைத் தள்ளி, கம்பளியை உதறி எடுத்து, ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினார்.

"போட்டுக்க. குளிரும்."

அவர்கள் இரண்டு கையாலும் வாங்கினார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் கண்ணுக்கு மறைவாகக் கொஞ்சம் மேலே போய், மடித்து வைத்து, கல் வைத்தார்கள். குரு கையாலேயே கொடுத்ததை விடுவது இன்னும் பெரியது.

"பரீட்சை இல்லடா" என்று ஐயா கத்தினார். "வெறும் குளிருக்குத்தான்டா."

"ஆகட்டுங்க சாமி" என்றார்கள்.

பாவாத்தாளும் ஒருநாள் வந்தாள். அதே கருப்புக் கம்பளியைத் தலையோடு போட்டிருந்தாள். பாதையை மறித்து நின்றாள்.

"எம் புருசன் வெறைச்சுச் செத்தார். தேறவும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெறைச்சுச் செத்தார். நாந்தான் மடங்கியிருந்த விரலை நிமுத்திக் குளிப்பாட்டுனேன். எடுத்துப் போடுங்க அதை!"

யாரோ கூட்டத்தில், "அவர் சம்சாரம்" என்றார்கள். ஒரு பெண் அவள் காலில் விழுந்தாள். அவள் நின்ற இடத்து மண்ணை எடுத்து ஒருவர் முந்தியில் முடிந்துகொண்டார். பாவாத்தாள் அவர்களைப் பார்த்தாள். ஐயாவைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். அப்புறம் அந்த மலைக்கு அவள் வரவில்லை.

அந்த மழைக்காலத்திலும் ஒருவரைத் தூளி கட்டி இறக்கினார்கள்.

அன்று திருமூர்த்தி சுனைக்கரையில் ஐயாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருவர் மடியிலும் யார் யாரோ விட்டுப்போன கம்பளிகள்.

"வாயில வந்ததைச் சொன்னவன் நான்" என்றான். "இப்ப என்ன சொன்னா ஐயா இவங்களுக்குப் புரியும்?"

ஐயா வெகுநேரம் யோசித்தார்.

"கம்பளி ஆட்டு மயிர்" என்றார். "நனைஞ்சாலும் குளிர் தாங்கும். அவ்வளவுதான்."

அப்போதுதான் முழுகி எழுந்த ஒரு மனிதர் பக்கத்தில் நின்றிருந்தார். உடம்பு வெடவெடவென்று ஆடியது. ஐயா சொன்னது அவர் காதில் விழுந்தது. உதட்டுக்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ஐயாவுக்குத் தெரியும்.

"புரிஞ்சுதுங்க சாமி" என்று அவர் கும்பிட்டார். தோளில் இருந்த கம்பளியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அந்தச் சுனைக்கரையில் இப்போதும் கம்பளிகள் இருக்கின்றன. மழையில் நனைகின்றன. வெயிலில் காய்கின்றன. லேசில் மக்குவதில்லை.