ஈரச் சுவருக்கு முன்னால்

சுவர் முழுக்க விரிசல். முடி முடியாக, குறுக்கும் நெடுக்குமாக.

மாசிலாமணி பூசிய முதல் சுவர் அது. அதுவரை சாந்து சுமந்துகொண்டிருந்தவர். இந்த ஹால் சுவர் தேறினால் அவர் கொத்தனார். தேறாவிட்டால் மறுபடி தலையில் சட்டி.

இருதயமேரி மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்தார். மாசிலாமணியைவிட வயதில் சின்னவர்.

“ஈரத்துல சிமெண்ட் தூள் தூவினீங்களாண்ணே?”

“கொஞ்சமா.”

“எதுக்கு?”

“தண்ணிய இழுத்துக்கும். உடனே தேய்க்கலாம்ல.”

“தேய்ச்சாச்சு. இப்பக் கொத்துங்க.”

கொத்தினார். பாதி நாள் அதிலேயே போயிற்று. மறுபடி சாந்து அடித்து, மட்டப்பலகை போட்டு இழுத்தார். சுவர் நேராக வந்தது. அவர் கை நல்ல கைதான், பொய் சொல்லக் கூடாது.

“உங்க சுவரு மட்டும் வழவழன்னு வருது. கையில என்ன சூட்சுமம் வச்சிருக்கீங்க மேஸ்திரி?”

இருதயமேரி, மாசிலாமணியின் கையிலிருந்த தேய்ப்புக் கட்டையை வாங்கிக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“அய்யோ, கட்டை!”

“எங்கயும் ஓடிடாது. நீங்களும் உட்காருங்க.”

உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

“சுவத்துல விரல வச்சுப் பாருங்க.”

வைத்தார். மணல் ஒட்டியது.

ரொம்ப நேரம் கழித்து, “இப்ப?”

இப்போதும் ஒட்டியது.

“இன்னும் எவ்வளவு நேரம் மேஸ்திரி?”

“விரல்ல ஒட்டாம வர்ற வரைக்கும்.”

“வீட்டுக்காரர் பார்த்தா? கூலியும் வாங்கிக்கிட்டுக் குந்தியிருக்கான்னு நினைக்க மாட்டாரு?”

“நினைப்பாரு.”

“உங்களுக்கு ரோஷமே கிடையாதா?”

“இருந்துச்சுண்ணே. பூசின சுவரெல்லாம் வெடிச்சுது.”

மாசிலாமணி சிரித்தார். இருதயமேரி சிரிக்கவில்லை. எழுந்து, கட்டையைத் தட்டி அவர் மடியில் வைத்தார்.

“நான் அடுப்படியப் பார்க்கப் போறேன். யாரு வந்தாலும் எழுந்திருக்காதீங்க. மணல் ஒட்டாதப்ப எழுந்தாப் போதும்.”

“சரி.”

“யாரு வந்தாலும்.”

“சரிங்கறேன்ல!”

அவர் உள்ளே போனார். மாசிலாமணி விரலை வைத்தார். ஒட்டியது. துடைத்துக்கொண்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். சுவரைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார்.

“என்னப்பா, உட்கார்ந்தாச்சா? வேலை முடிஞ்சுதா?”

“இல்லைங்க சார். இதோ, தேய்க்கத்தான் போறேன்.”

ஈரத்தின் மேல் கட்டை சரசரவென்று ஓடியது.

அடுப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. இருதயமேரி அங்கிருந்தே சொன்னார்.

“உட்காருங்கண்ணே.”

மாசிலாமணி உட்காரவில்லை.