மாரக்காள் வீட்டில் புகுந்த வைரஸ்

கண்ணுக்குத் தெரியாத பொடிசுகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு மனிதனின் தொண்டைக்குள் ஒரு தெரு இருந்தது. செல்களின் தெரு. சுவரோடு சுவர் ஒட்டிய குட்டிக் குட்டி வீடுகள். நடு வீடு மாரக்காளுடையது. அடுத்த வீட்டில் அவள் தங்கை வீராயி.

ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பட்டறை உண்டு. உள்ளறையிலிருந்து சீட்டு வரும். அதில் எழுதியிருப்பதைப் பட்டறை ஆட்கள் செய்து கொடுப்பார்கள். யார் எழுதியது, எதற்கு என்று கேட்பது அவர்களுக்குள் பெரிய மரியாதைக் குறைவு. இந்தப் பாழாய்ப்போன வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் காலையில் வைரஸ் ஒன்று வந்து நின்றது. அந்தச் சனியனுக்கு வீடு இல்லை, அடுப்பு இல்லை, உழைக்கக் கை இல்லை. முள் வைத்த ஒரு சட்டை, சட்டைக்குள் ஒரு சீட்டு, அவ்வளவுதான். அந்த முள் மாரக்காள் வீட்டுப் பூட்டில் கச்சிதமாகப் பொருந்தியது. "நம் பூட்டுக்குச் சேருகிறவன் நம் ஆளாகத்தான் இருப்பான்" என்று அவளும் உள்ளே விட்டுவிட்டாள்.

உள்ளே வந்ததும் வைரஸ் சட்டையை அவிழ்த்தெறிந்தது. சீட்டு நேரே பட்டறைக்குப் போனது. மேஸ்திரி சடையன் வாங்கிப் படித்தான். "சட்டைத் துண்டு, முள், இதே மாதிரிச் சீட்டு. எல்லாம் ஆயிரக்கணக்கில். ஆரம்பிங்கடா!" வீட்டு வேலை அத்தனையும் அப்படியே நின்றது.

பொழுது சாய்வதற்குள் மூலைக்கு மூலை குவியல். பிறகு நடந்ததுதான் அக்கிரமம். ஒருவரும் கை வைக்கவில்லை. துண்டும் துண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு சட்டைக்குள்ளும் ஒரு சீட்டு போய்ச் சுருண்டு படுத்தது. ஒன்று வந்த வீட்டில் ஆயிரம் எழுந்து நின்றன.

"என்னடா சடையா இது? என் சுவருக்குப் பூச்சு எங்கே?"

"சீட்டு வந்தது, செய்தோம் ஆத்தா."

"எவன் சீட்டு என்று பார்த்தாயா?"

"அதெல்லாம் நாங்கள் கேட்கிற வழக்கமில்லையே."

"உன் வழக்கத்தில் இடி விழ!"

அதற்குள் புதிய வைரஸ்களில் ஒன்று கிளம்பியது. போகிற போக்கில் அவள் வீட்டுச் சுவரையே ஒரு துண்டு கிழித்துப் போர்த்திக்கொண்டது.

"எங்கே போகிறாய்?"

"பக்கத்து வீட்டுக்குத்தான். அக்கா வீட்டுச் சுவரைப் பார்த்தால் தங்கை திறக்கமாட்டாளா என்ன?" என்று பல்லிளித்தது.

மாரக்காளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. என் வீட்டில் தின்று, என் ஆளை ஏவி, என் சுவரைப் போர்த்தி என் தங்கையையே அழிக்கப் போகிறதா? குவியலில் கிடந்த ஒரு முள்ளை வெடுக்கென்று எடுத்தாள். வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி அதை மாட்டினாள்.

"வீராயி! கதவைச் சாத்து! பட்டறையை நிறுத்து! என் சுவரைப் போர்த்திக்கொண்டு எவன் வந்தாலும் திறக்காதே!"

"நீ என்ன செய்வாய் அக்கா?"

"என்னைக் கேட்காதே, முதலில் சாத்தடி!"

சத்தம் கேட்டு, அந்த உடம்பைச் சுற்றிக் காவல் காக்கும் காவல்காரன் ரத்தத்தின் வழியாக ஓடி வந்தான். வாசலில் மாட்டியிருந்த முள்ளைப் பார்த்தான்.

"இது நம் ஊர்ச் சாமான் இல்லையே."

"இல்லைதான். உள்ளே குவிந்து கிடக்கிறது. வீட்டை இடி."

"நீ உள்ளே இருக்கிறாயே தாயி!"

"இருந்துகொண்டுதானே சொல்கிறேன்? இடிடா!"

இடித்தான். மாரக்காள், பட்டறை, சடையன், ஒட்டியும் ஒட்டாமலும் நின்ற சட்டைகள், எல்லாம் ஒன்றாக மண்ணாயின. அவள் கோபத்தின் சூடு மட்டும் தெருத் தெருவாக, உடம்பு முழுக்க ஓடியது. தப்பிய வைரஸ் வீராயியின் கதவை முட்டி முட்டிப் பார்த்தது. கதவு திறக்கவே இல்லை. உள்ளே வீராயி அழுதுகொண்டே, தன் பட்டறையில் செய்த ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து வாசலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டறை ஆட்கள் இன்றும் சீட்டு யாருடையது என்று கேட்பதில்லை, வெட்கங்கெட்டவர்கள். ஆனால் அன்று முதல்தான் ஒவ்வொரு செல்லும் உள்ளே செய்வதில் ஒரு துண்டை, காவல்காரன் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று வாசலில் மாட்டி வைக்கிறது. அன்று முதல்தான், அந்தச் சனியன் உள்ளே நுழைந்தால் நமக்கு உடம்பு கொதிக்கிறது. மாரக்காளின் கோபம் இன்னும் ஆறவில்லை.