ஒண்டிமுத்து எங்கே ஒளிந்தான்?

பிறக்கவே பிறக்காத ஒருவனைப் பிடிக்கப் படை அனுப்பிய ராஜாவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

வெகு காலத்துக்கு முன்னே மருங்கூர் நாட்டைத் தணிகைவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் சிரிப்பான், மதியம் தலையை வாங்குவான். அவன் தும்மினாலே ஊர் நடுங்கும்.

அந்த ஊரில் செம்பாயி என்பவள் ஓலையில் கதை எழுதிச் சந்தையில் படிப்பாள். கதையின் நாயகன் ஒண்டிமுத்து. வரிக்காரர்கள் விதைநெல்லைக்கூட விடாமல் அள்ளுகிறார்களே என்று, அதை மகளின் தலையணைக்குள் தைத்து ஒளித்தவன். அவன் கதை என்றால் அடுப்பில் பால் பொங்குவதே பெண்களுக்கு மறந்துவிடும்; அவன் படும் பாட்டைக் கேட்டுத் தேம்பி அழுவார்கள்.

அரண்மனைப் புலவர் கார்மேகனாருக்கு வயிறு எரிந்தது. அவர் பாட்டுக்கு ராஜாவே கொட்டாவி விடுவான். "மகாராஜா, விதைநெல்லைத் தலையணையில ஒளிக்கிற ஒண்டிமுத்துன்னு ஒரு கலகக்காரன்! ஊரே அவனை ஒளிச்சு வச்சிருக்கு!" என்று போட்டுக் கொடுத்தார்.

வீடு வீடாகப் படை புகுந்தது. தலையணைகளைக் கிழித்துப் போட்டார்கள். பிள்ளைகள் அழக்கூடப் பயந்தன. ஆள் கிடைக்காததால் செம்பாயியை இழுத்து வந்தார்கள்.

"பொழுது சாய்வதற்குள் அவனைக் காட்டு. இல்லையென்றால் யானைக் காலில் உன் தலை!" என்றான் ராஜா.

"ஐயா, அவன் கதையில வர்றவன்..."

"பொய்!" என்றார் புலவர். "கதையில வர்றவனுக்காக யாராவது தேம்பி அழுவாங்களா?"

வாசலில் யானைச் சங்கிலி உரசியது. செம்பாயி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சரி, சொல்லிடறேன். படை துரத்தினப்போ ஒண்டிமுத்து ஆத்தங்கரைக்கு ஓடினான். இடுப்புல மக. ஆத்துல வெள்ளம். மகளைக் கரையில போட்டுட்டு, தான் மட்டும் நீந்திப் போயிட்டான்."

சபையே எழுந்து நின்றது. "சீ!" என்று ராஜா அரியணையில் ஓங்கி அடித்தான். எல்லாருக்கும் மேலே புலவர் கத்தினார்: "அவன் அப்படிப்பட்டவன் இல்லை! மகளுக்கு இருமல்னு மூணு ஊர் நடந்து மருந்து வாங்கினவன்!"

ராஜா மெல்லத் திரும்பினான். "உமக்கு அவனைத் தெரியுமோ?"

புலவர் மேல்துண்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். "முக்காடு போட்டுக்கிட்டு... சந்தைக்கு... கதை கேட்க..."

"இப்பத் தெரியுதா மகாராஜா?" என்றாள் செம்பாயி. "அவன் புலவர் மனசுலயும் ஒளிஞ்சிருக்கான், உங்க மனசுலயும் ஒளிஞ்சிருக்கான். யாரை முதல்ல பிடிக்கிறது?"

ராஜா தன் கையைப் பார்த்தான். அரியணையில் அடித்த உள்ளங்கை சிவந்திருந்தது. பிறகு வெடித்துச் சிரித்தான்.

"செம்பாயிக்குப் பொன்காப்பு! புலவரே, ஊசியும் நூலும் எடும். கிழிந்த தலையணை ஒவ்வொன்றையும் வீடு வீடாகப் போய்த் தைத்துக் கொடும்!"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அம்மா, இனி அவன் என்னைக் கண்டு பயப்படாத மாதிரி எழுது."

"அது என் எழுத்தாணியில இல்லைங்க, மகாராஜா. விதைநெல்லை மட்டும் தொடாதீங்கன்னு உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."