பெயர் கீறாத கலம்

முன்னொரு காலத்தில் என்று தொடங்குகிறேன். அந்த முன்னொரு காலத்துக்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது அல்லவா? அதை மண்வெட்டியால் தோண்டப் போனவர்களின் கதை இது. சிரிக்கும் இடம் குறைவு, இப்போதே சொல்லிவிட்டேன்.

கருங்குன்ற நாட்டில் ஒரு வழக்கம். சோறு உண்ண ஆளுக்கொரு மண்கலம் உண்டு; அதன் கழுத்தில் அவரவர் பெயரைக் கீறியிருப்பார்கள். ஆள் இறந்துபோனால் பெரிய தாழிக்குள் வைத்து, பக்கத்திலேயே அந்தக் கலத்தையும் வைத்துப் புதைப்பார்கள். இறந்தவர் தன் கலத்தைத் தடவிப் பார்த்துத்தான் 'நான் இன்னார்' என்று தெரிந்துகொள்வாராம்.

அந்த நாட்டு அரசனுக்குப் பழைய பொன்மேல் ஆசை வந்தது. ஊருக்கு வெளியே இருந்த மேட்டைத் தோண்டச் சொன்னான். தோண்டியவன் கொற்றன், கிணறு வெட்டுகிறவன். அவன் மனைவி சாத்தியும் கிணறு வெட்டுகிறவள்தான். ஏழு மாதக் கர்ப்பம் என்பதால் வீட்டில் இருந்தாள்.

மூன்று தாழிகள் வெளியே வந்தன. செம்மண்ணில் ஒன்று. அதற்குக் கீழே கரிசலில் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளை மணலில் ஒன்று. கொற்றன் ஒழுங்கானவன்; எதையும் கலைந்து கிடக்க விடமாட்டான். பொன்னைப் பொன்னோடு வைத்தான், மணியை மணியோடு வைத்தான், கலத்தைக் கலத்தோடு அடுக்கினான். அரண்மனை ஆட்கள் எல்லாவற்றையும் பளபளவென்று கழுவினார்கள். எது எந்தத் தாழியில் இருந்தது என்று ஒருவரும் கவனித்து வைக்கவில்லை. வந்தது வினை.

"என் கலம் எங்கே?" என்றது முதல் தாழி.

"என் கலம் எங்கே?" என்றது இரண்டாம் தாழி.

மூன்றாவது பேசவில்லை. அழுதது.

ஆட்கள் விழுந்தடித்து ஓடினார்கள். கொற்றனால் ஓட முடியவில்லை. அவன் பாதம் இரண்டும் சுட்ட மண்ணாகியிருந்தன.

சாத்தி அரசன் காலில் போய் விழுந்தாள். "அரசே, அந்தக் கலத்தையெல்லாம் குடுத்துடுங்க. என் புருஷன் மண்ணாகிக்கிட்டு வர்றாரு."

"பானைதானே, அள்ளிக்கிட்டுப் போ. பொன்னுல மட்டும் கை வெக்காதே" என்றான் அரசன். "மண்ணு வெட்டறவன் மண்ணாப் போனா என்ன? நாளைக்கு வேற ஆள் வருவான்."

இவனை அரசன் என்று சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது.

படையல் வைத்த கலங்களும் சேர்த்து முப்பது இருந்தன. பெயர் கீறியவை இரண்டுதான்: வெண்ணி, ஆந்தை. எது யாருடையது? தாழிக்குள் இருப்பவர்களுக்கோ தங்கள் பெயரே மறந்துவிட்டது. சாத்தி கலத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். என்ன கழுவினாலும் கீறலுக்குள் புகுந்த மண் போகுமா? வெண்ணியின் எழுத்துக்குள் செம்மண் இருந்தது. முதல் தாழியில் அந்தக் கலத்தை வைத்தாள். "அப்பாடா, நான் வெண்ணி" என்று தாழி அடங்கியது. அன்றைக்குக் கொற்றன் முழங்கால் வரை மண்.

மறுநாள் ஆந்தையின் எழுத்துக்குள் கரிசல் கண்டாள். இரண்டாம் தாழி அடங்கியது. கொற்றன் இடுப்பு வரை மண்.

மூன்றாம் நாள் மண் கழுத்துக்கு வந்துவிட்டது.

"சாத்தி, இனி எனக்கு வாய் இருக்காது" என்றான் கொற்றன். "பொறக்கப்போற புள்ளைக்கு நான் வெச்ச பேரையே வெச்சுடு. நான் குடுத்தேன்னு அது ஒண்ணாவது இருக்கட்டும்."

தினமும் அவள் வயிற்றில் வாய் வைத்து அவன் கூப்பிட்ட பெயர் அது. வேறு யாருக்கும் தெரியாது. சாத்தி தலையசைத்தாள். அவன் உதடு மூடிக்கொண்டது.

மீதிக் கலங்களில் உள்ளங்கை அளவில் ஒன்று இருந்தது. பெயர் இல்லை. விளிம்பின் அடியில் நான்கு வெள்ளை மணல்துகள். அதை மூன்றாம் தாழியில் வைத்தாள். அழுகை நிற்கவில்லை.

"ஆந்தை ஐயா, அது இன்னும் ஏன் அழுவுது?"

"பேர் வெக்கறதுக்கு முன்னாலேயே செத்த புள்ளைம்மா" என்றது இரண்டாம் தாழி. "அதோட ஆத்தா வெச்ச இடத்துல கலம் இருந்தவரைக்கும் அதுக்கு அடையாளம் தெரிஞ்சுது. நீங்க நகத்திட்டீங்க. இனிமே பேரு ஒண்ணுதான் அடையாளம்."

சாத்தி ஒரு பூவின் பெயரைச் சொன்னாள், அழுதது. ஓர் ஆற்றின் பெயரைச் சொன்னாள், அழுதது. தன் தாயின் பெயரையே சொன்னாள், அழுதது.

"வாயில வந்த பேரெல்லாம் நிக்காது. ஒரு புள்ளைக்குன்னு ஆசையா எடுத்து வெச்ச பேரு வேணும்" என்றது ஆந்தையின் தாழி. "குடுத்தா திரும்பி வராது. உங்க நெஞ்சுலயும் இருக்காது."

கொற்றன் மூக்கு மண்ணாகிவிட்டது. கண் மட்டும் பாக்கி. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்றது அந்தக் கண். அவனை அப்படியே விட்டால் பெயர் மிஞ்சும். பெயரைக் கொடுத்தால் அவன் மிஞ்சுவான். சாத்தி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே உளியை எடுத்து அந்தச் சின்னக் கலத்தில் பெயரைக் கீறினாள். ஒவ்வொரு எழுத்தாகக் கீறக் கீற, அவள் நெஞ்சிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தது.

என்ன பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள். அது அந்தப் பிள்ளையுடையது.

அழுகை நின்றது. கொற்றன் மேலிருந்த மண் ஓடு ஓடாக உதிர்ந்தது. எழுந்தவன் முதலில் பெயரைத்தான் தேடினான். கிடைக்கவில்லை. மனைவியின் கையிலிருந்த உளியைப் பார்த்தான், எல்லாம் விளங்கியது. இருவரும் சேர்ந்து மூன்று தாழிகளையும் அந்தந்த மண்ணிலேயே இறக்கி மூடினார்கள்.

பொன் ஆசை பிடித்த அரசன் அடுத்த மாதமே மேட்டின் மறுபக்கத்தைத் தோண்டக் கிளம்பினான். ஒருவரும் வரவில்லை. தானே குழியில் இறங்கினான். நீட்டிய கையோடு மண்ணாகி நிற்கிறான். அவனுக்காகக் கலம் தேட ஒருவரும் போகவில்லை.

சாத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்க வந்த பெண்கள், "தலைச்சனே பொண்ணா, கொற்றா? மகராசியா இருக்கட்டும்" என்றார்கள்.

கொற்றன் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"தலைச்சன் இல்லீங்க, இவ ரெண்டாவது. மூத்தது மேட்டுல தூங்குது."