ஆடாத படகு

தூத்துக்குடி கயாக் படகுப் பட்டறைக்கு மேனேஜராக வந்த அம்புரோஸ் துரைக்குக் கடலைப் பற்றித் தெரியாததே இல்லை. இறங்கியதில்லை, அவ்வளவுதான்.

அங்கே படகு செய்யும் ரெக்ஸலின் என்ற பெண்ணின் ஒடுங்கிய படகில் உட்கார்ந்ததுமே அலறினார். "ஆடுதே! அகலமா, தட்டையா, ஆடாத படகு செய். இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

பத்தே நாளில் செய்து கொடுத்தாள். கரையோரம் அது அம்மிக்கல் மாதிரி அசையாமல் நின்றது.

"பாத்தியா?"

"பாத்தேன் சார். அலையிலயும் பாத்துருவோம். நனையாம திரும்புறவங்க படகைத்தான் இனி செய்யணும்."

துரை தட்டைப் படகிலும் அவள் ஒடுங்கிய படகிலுமாகப் போனார்கள். அலை வந்து நீர்மட்டம் சாய்ந்தது. தட்டைப் படகும் அதோடு ஒட்டிச் சாய்ந்து துரையைக் கொட்டியது. ரெக்ஸலினோ இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, படகை நிமிர்த்தி, அலையை அடியில் அனுப்பிவிட்டாள்.

அவள் படகின் வாலைப் பிடித்துத் தொங்கியபடி துரை முனகினார். "ஏம்மா, இது ஆடுதே!"

"உங்க படகு அந்தா, கவுந்து கெடக்கு சார். இப்பவும் ஆடலை. அதுல ஏறிக்கிறீங்களா?"

துரை வாலை விடவில்லை. பட்டறையில் இன்றைக்கும் ஒடுங்கிய படகுதான்.