வெறுந்தட்டுச் சோதனை

மலையடிவாரத்தில் ஒரு மடம். பெரிய மடமில்லை. ஒரு பிரார்த்தனைக் கூடம், ஒரு சமையற்கட்டு, தங்குவதற்கு ஒன்பது அறைகள். ஞானசுந்தரி அம்மா அங்கே குரு. அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த உமாபதிக்கு அறுபத்திரண்டு. அதனால் அம்மா அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

உமாபதி, எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை போடும் இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். அவர் சந்தைக்குள் கால் வைத்தால் வெங்காயக் கடையிலிருந்து நகைக்கடை வரைக்கும் எழுந்து நிற்பார்களாம். அவர் முத்திரை விழுந்த தராசில் எடை குறைந்தது என்று ஒரு புகார் வந்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே. நேர்மையாக உழைத்தவருக்கு அவ்வளவு கூடவா கூடாது.

மடத்தில் அவருக்குக் கிடைத்த சேவை பஜனையில் தாளம் போடுவது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கை ஓயாது. ஒரு அடி பிசகாது.

மகள் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருந்தாள். நடந்த அடிகளை எண்ணும். நாடி பார்க்கும். அன்றைக்கு உடம்பு எத்தனை கலோரி எரித்தது என்றும் சொல்லும். எண்களோடு வாழ்ந்த மனுஷர் அல்லவா, பிடித்துப் போயிற்று. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்று ஒரு நாள் சொல்வார். மறுநாள் அதற்கும் மேலே என்பார். இந்த வயதில் இவ்வளவா என்று மற்றவர்கள் ஆச்சரியப்பட்டால் சிரித்துக்கொள்வார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனார். எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டர் கடிந்துகொண்டார்.

உமாபதியிடம் ஒரு நோட்டு உண்டு. தான் சாப்பிடுவதற்கு எல்லாம் கலோரி போட்டு அதில் எழுதி வைப்பார். எரிவது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். சாப்பிடுவது இரண்டாயிரத்து முந்நூறு. இறங்க வேண்டிய எடை எப்படி ஏறும்? சமையலில் ஏதோ கணக்குக்கு வராமல் சேருகிறது என்று முடிவு செய்தார். எண்ணெயாக இருக்கலாம் என்று இரண்டு பேரிடம் சொன்னார். இரண்டு பேரிடம் சொன்னது மடம் முழுக்கத் தெரிய எவ்வளவு நேரமாகும்.

சமையற்கட்டு செல்லக்கிளியுடையது. பதினோரு வருஷமாக அவள்தான் அங்கே பொங்கிப் போடுகிறாள். காதில் விழுந்த அன்றைக்கே அம்மாவிடம் வந்து நின்றாள்.

"என் கரண்டியை இதுவரைக்கும் யாரும் சந்தேகப்பட்டதில்லை, அம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொங்கிப் போடுறேன். அதுக்குள்ள இது தீரலைன்னா நான் ஊருக்குப் போறேன்."

அழவில்லை. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று திங்கட்கிழமை.

அம்மா உமாபதியை அழைத்தார். அவர் நோட்டோடு வந்தார்.

"அம்மா, கடிகாரம் ஒன்று சொல்கிறது. உடம்பு ஒன்று சொல்கிறது. தப்பு எங்கே இருக்கிறது?"

"எண்ணெயை அளந்து பார்த்தீர்களா, ஐயா?"

"இன்றைக்குச் சமையல் முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் சொன்ன அளவுதான்."

"இட்லி?"

"நிறுத்தேன். எல்லாம் ஒரே எடை. ஒன்றிரண்டு கிராம்கூட வித்தியாசமில்லை."

"பிறகு என்ன?"

"கடிகாரம் பொய் சொல்லாதே அம்மா. அது மெஷின்."

"அதற்கு நீங்கள் முத்திரை போட்டீர்களா?"

உமாபதிக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் இலாகாவில் வராது என்றார்.

"கடைக்காரர் தராசை எப்படிச் சோதிப்பீர்கள்? எனக்குத் தெரியாது. சொல்லிக்கொடுங்கள்."

ஓய்வு பெற்று நாலு வருஷத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் வெறும் தட்டைப் பார்க்க வேண்டும் என்றார். தட்டில் ஒன்றுமே இல்லாதபோது தராசு என்ன சொல்கிறது. முள் நேரே நிற்க வேண்டும். பாதித் திருட்டுத் தராசு அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் பாரம் வைக்க வேண்டும். நமக்கு நன்றாகத் தெரிந்த பாரமாக வைக்க வேண்டும்.

அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படியானால் வெறும் தட்டிலிருந்து ஆரம்பியுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டுப் பூஜைக்கு எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை காலை பஜனைக்கு உட்காருவதற்கு முன்னால் உமாபதி கடிகாரத்தைப் பார்த்து எண்களை எழுதி வைத்தார். ஒரு மணி நேரம் தாளம் போட்டார். எழுந்திருக்காமலேயே மறுபடி பார்த்தார்.

அவர் ஐயாயிரத்து நூற்று நாற்பது அடி நடந்திருந்தார். இருநூற்றுத் தொண்ணூறு கலோரி எரித்திருந்தார்.

உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மாலையிலும் அப்படியே நடந்தது.

புதன்கிழமை காலையில் அதைக் கழற்றி விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தார். மத்தியானம் எடுத்துப் பார்த்தார். அலமாரியில் இருந்தபடியே நானூறு கலோரி சேர்ந்திருந்தது. மகள் அதில் போட்டுக்கொடுத்த வயதையும் உயரத்தையும் எடையையும் வைத்து, ஆள் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இனி பாரம் வைக்க வேண்டும். மடத்தில் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த பாரம் ஒன்றுதான். ஆனால் அதற்குச் சமையற்கட்டு வாசலுக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை காலை அவர் அங்கே போய் வெகுநேரம் நின்றார்.

"என்ன ஆபீசர் ஐயா, இன்னைக்கு என் கையையே நிறுக்கப் போறீங்களா?"

"ஆமாம்மா" என்றார் உமாபதி. வேறு என்ன சொல்ல முடியும்.

செல்லக்கிளிக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. கையை நீட்டினாள். அவர் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்.

தினமும் அவள் கீழே சுனையிலிருந்து அபிஷேகத்துக்கும் குடிக்கவும் தண்ணீர் எடுத்து வருவாள். நாற்பத்துநாலு படி. பதினாறு நடை. குடம் இடுப்பில் இருக்கும், கடிகாரம் கட்டிய கை குடத்தைச் சுற்றி அணைத்திருக்கும். உமாபதி கூடவே போனார். ஐந்தாவது நடையில் படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, நான் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தாள்.

பதினாறும் முடிந்தது. கடிகாரத்தில் அறுநூற்றுச் சொச்சம் அடிகள்தான் ஏறியிருந்தன. ஈரக்கையில் நாடியும் அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை. கலோரி நூற்றிருபது.

செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். அவருக்கு எவ்வளவு காட்டியது என்று கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"உட்கார்ந்து தாளம் போட்டவருக்கு இருநூத்தித் தொண்ணூறு, எனக்கு நூத்தி இருபதா? இதுக்குக் கண்ணு இல்லையா ஐயா?"

"இல்லம்மா. கை ஆடினா நடக்குறதா நினைச்சுக்குது."

அன்று மத்தியானம் அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கடிகாரம் வருவதற்கு முன் காலையில் நாலு இட்லி சாப்பிட்டிருக்கிறார். வந்த பிறகு ஆறு. இவ்வளவு எரிகிறதே என்ற தைரியத்தில் சர்க்கரைப் பொங்கல் இரண்டாம் தடவையும் வாங்கியிருக்கிறார். எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருந்தது. சாப்பிடப் போனபோது, அவர் வழக்கமாகக் கேட்டு வாங்கும் இரண்டாம் கரண்டிக்குக் கையை மறித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். எல்லோரும் இருந்தார்கள். செல்லக்கிளி தூணோரம் நின்றிருந்தாள். ஆபீஸ் அறிக்கை வாசிப்பதுபோலத்தான் அவருக்குச் சொல்ல வந்தது.

"சோதனை செய்த பொருள் கைக்கடிகாரம். உடையவர் உமாபதி. வெறுந்தட்டுச் சோதனையில் தேறவில்லை. பாரம் வைத்த சோதனையிலும் தேறவில்லை. ஒரு நாளில் என் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதற்கும் தெரியாது. இதை நம்பி நான் ஒரு கரண்டியைக் குறை சொன்னேன். அந்தக் கரண்டி சரியான அளவு."

தூணோரம் திரும்பிக் கைகூப்பினார்.

செல்லக்கிளி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடுங்க ஐயா. சாப்பிட வாங்க, சாம்பார் ஆறிடும்" என்றாள். நடந்து போகும்போது அவள் தலை நன்றாக நிமிர்ந்திருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். உமாபதி மட்டும் அம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தொரு வருஷம் அம்மா. ஒரு பொய்த் தராசு என் கண்ணுக்குத் தப்பினதில்லை. கடைசியில் என் கையில் கட்டியிருந்ததே என்னை ஏமாற்றிவிட்டது. இனி அந்தப் பெருமையை நான் எந்த வாயால் சொல்லுவேன்?"

"எத்தனை தராசைத் தப்பென்று ஒதுக்கியிருப்பீர்கள், ஐயா?"

"நானூறுக்கு மேலே இருக்கும்."

"அதில் எத்தனை பேர் தாங்களாகவே தூக்கிக்கொண்டு வந்து, நாலு பேர் முன்னால், என் தராசு தப்பு என்று சொன்னார்கள்?"

உமாபதி யோசித்தார். தென்காசிச் சந்தை, செங்கோட்டைச் சந்தை, மளிகைக் கடைகள், பருத்தி மண்டி. ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லை, அம்மா."

"எனக்கு ஒருத்தர் கிடைத்திருக்கிறார்" என்றார் அம்மா. "அந்தப் பெருமையை இனி நான் சொல்லிக்கொள்கிறேன்."